மென்பொருளைத் திருத்துகிறவன் திருடன் அல்லன்

மன்னார்க் கரையோரத்தில் எங்கள் ஊரான தோட்டவெளியில் ஒரு பொடியன் இணைய விளையாட்டின் மென்பொருளைத் திருத்தி ஓடவைத்தான் என்றால், ஊர் அவனுக்குக் கொடுக்கும் பெயர் கள்ளன். பெற்றாரும் ரியூசன் ஆசிரியரும் போன் கடைக்காரரும் இதையே சொல்கிறார்கள். நிறுவனங்கள் பலவும் தங்கள் விதிமுறைகளில் இதையே சட்ட மொழியில் எழுதி வைத்திருக்கின்றன. பேசாலை, மன்னார் நகரம், கொழும்பு, சென்னை என்று எங்கே போனாலும் இந்தக் கருத்துக்கு மறுபேச்சு இல்லை. இது தவறான கருத்து. அதோடு, மெதுவான இணைப்பிலும் பழைய கருவியிலும் காலம் தள்ளும் எங்களைப் போன்ற கரையோர மக்களுக்குத் தீங்கு செய்யும் கருத்து.

வாதத்துக்குள் போகுமுன் விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். செகண்ட் லைஃப், மைன்கிராஃப்ட், பப்ஜி போன்ற இணைய உலகங்கள் இரண்டு பாகமாக இயங்குகின்றன. ஒரு பாகம், அந்த உலகத்தை நடத்துபவரின் வழங்கிக் கணினியில் இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார், யாரிடம் என்ன பொருள் உண்டு என்ற கணக்கு அங்கே பேணப்படும். மற்றப் பாகம் எங்கள் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ ஓடும் மென்பொருள். அந்தக் கணக்கைப் படமும் ஒலியுமாகக் காட்டுவதும், நாங்கள் செய்ய விரும்புவதை வழங்கிக்குச் சொல்வதும் அதன் வேலை. பாவனையாளர்கள் திருத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாகத்தைத்தான்.

திருத்துவதற்கு மூன்று நோக்கங்கள் உண்டு. உள்ளே நுழைய முடியாதவர் நுழைவதற்காகத் திருத்துவது ஒன்று. நிறுவனம் கைவிட்ட உலகத்தைத் தொடர்ந்து நடத்துவதற்காகத் திருத்துவது இன்னொன்று. சக விளையாட்டாளரை ஏமாற்றவோ பிறர் உழைப்பைத் திருடவோ திருத்துவது மூன்றாவது. மூன்றாவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. முதல் இரண்டையும் அதனோடு சேர்த்துக் கட்டி ஒரே தண்டனை கொடுப்பதைத்தான் மறுக்கிறேன். அதற்காகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "நிறுவனத்தின் பொருளில் கைவைப்பது திருட்டு"

செகண்ட் லைஃப் உலகத்தை லிண்டன் லாப் என்ற அமெரிக்க நிறுவனம் 2003 ஜூனில் திறந்தது. 2007 ஜனவரி 8ஆம் திகதி, அந்த உலகத்துக்குள் நுழையப் பாவிக்கும் மென்பொருளின் மூல நிரலை, அதாவது அது எழுதப்பட்ட கட்டளைகளை, அதே நிறுவனம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்ற ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் அது வெளியானது. அதிலிருந்து பாவனையாளர்களே உருவாக்கிய நுழைவு மென்பொருள்கள் பல பிறந்தன. அவற்றுள் ஃபயர்ஸ்டோர்ம் என்பதை இன்று அந்த உலகவாசிகளில் மிகப் பெருந்தொகையானோர் பாவிக்கிறார்கள். மைன்கிராஃப்ட்டை நடத்தும் மோஜாங் நிறுவனமும், விளையாட்டையே பிரதி எடுத்துப் பரப்பாதவரை, பாவனையாளர்கள் அதற்கு மொட் எனப்படும் திருத்தங்களைச் செய்வதை அனுமதிக்கிறது. உரியவரே கையில் எடுத்துத் தந்த ஒன்றைத் திருட்டு என்று சொல்வது எப்படி?

சட்டமும் ஊர்ப்பேச்சைப் போல் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, கணினி நிரலின் பிரதியொன்றை முறைப்படி வைத்திருப்பவர், அதை வாங்கிய நோக்கத்துக்காகத் தன் கணினியில் பாவிக்கத் தேவையான அளவுக்கு மாற்றியமைக்க இடமளிக்கிறது. பிரதித் தடையை உடைக்கும் கருவிகளைச் செய்து விற்பதையோ அதே சட்டம் சட்டவிரோதமாகப் பார்க்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு நிரலை வேறு நிரல்களோடு இணைந்து இயங்கவைக்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு விலக்களிக்கிறது. முறையாகப் பெற்றதைத் தனக்கேற்பத் திருத்துவதும் பூட்டை உடைத்து விற்பதும் சட்டத்தின் கண்ணில் வேறுவேறு.

எதிர்த்தரப்புக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்றையும் பார்த்துவிடுவோம். பிளிசார்ட் நிறுவனத்தின் பேட்டில்நெட் என்ற இணைய விளையாட்டுச் சேவைக்கு மாற்றாகச் சில ஆர்வலர்கள் பிஎன்ஈடிடி என்ற வழங்கி நிரலை எழுதினார்கள். அமெரிக்காவின் எட்டாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏற்றுக்கொண்ட உரிம நிபந்தனையை மீறியது ஒரு காரணம். காசு கொடுத்து வாங்காத பிரதிகளும் அந்த மாற்று வழங்கியில் ஓடக்கூடியதாக இருந்தது இன்னொரு காரணம். நான் சொல்லும் எல்லைக்கோட்டின் அருகேதான் அந்த நீதிமன்றமும் நின்றது: பணம் கொடுக்காமல் நுழைய வழி திறந்தால் அது வேறு வழக்கு.

2. "திருத்துகிறவன் எல்லாம் ஏமாற்றுக்காரன்"

இந்த வாதத்தை மறுக்க 2006இல் நடந்த ஒன்றே போதும். செகண்ட் லைஃப் வழங்கியோடு மென்பொருள் எந்த முறையில் பேசுகிறது என்பதை வெளியிலிருந்து ஆராய்ந்து, லிப்செகண்ட்லைஃப் என்ற நிரல் தொகுப்பை ஆர்வலர் குழு ஒன்று எழுதியது. அந்தத் தொகுப்பிலிருந்து கொப்பிபொட் என்ற கருவி வெளியே வந்தது. அதைக்கொண்டு பிறர் வடிவமைத்த உடைகளையும் பொருட்களையும் அனுமதியின்றிப் பிரதி எடுக்கலாம். 2006 நவம்பரில் அந்த உலகத்தின் வியாபாரிகள் கொதித்தெழுந்து கடைகளை மூடிப் போராடினார்கள். அப்படிப் பிரதி எடுப்பது விதிமீறல் என்று நிறுவனம் அறிவித்தது. அது சரியான தீர்ப்பு.

ஆனால் அதே தொகுப்பு பின்னர் லிப்ஓபன்மெட்டாவேர்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. அதன் மேல் ரடேகாஸ்ட் என்ற இலகுவான நுழைவு மென்பொருள் கட்டப்பட்டது. ரடேகாஸ்ட் முப்பரிமாணக் காட்சிகளை வரைந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. எழுத்திலே பேசலாம், குழுக்களில் சேரலாம், நண்பர்களைத் தேடலாம், தன்னிடமுள்ள பொருட்களைக் கையாளலாம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதியும் சேர்க்கப்பட்டதால், பார்வையற்றோர் அதன் வழியாக அந்த உலகத்தில் நடமாட முடிந்தது. திருடவும் பார்வையற்றவரை அழைத்துவரவும் ஒரே அறிவுதான் உதவியிருக்கிறது. தண்டிக்க வேண்டியது திருடிய செயலை. அறிவையே தண்டித்தால் பார்வையற்றவரும் சேர்ந்து வெளியே தள்ளப்படுகிறார்.

லிண்டன் லாப் அடுத்து எடுத்த முடிவும் கவனிக்கத்தக்கது. கொப்பிபொட் கலவரம் நடந்து இரண்டு மாதத்துக்குள்தான் அது மூல நிரலைத் திறந்துவிட்டது. பிறகு 2010 பெப்ரவரியில், வெளியார் செய்யும் நுழைவு மென்பொருள்களுக்கு விதிமுறைகளை வகுத்தது. பிறர் படைப்பை அனுமதியின்றி வெளியே எடுக்க உதவக்கூடாது, பாவனையாளரின் தகவலை என்ன செய்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பன அவற்றுள் சில. செயலுக்கு விதி போட்டுத் திருத்தத்துக்கு வழிவிட்ட அந்த முறையே சரியான முறை.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற சுடும் விளையாட்டுகளில் சுவருக்கு அப்பால் நிற்பவரைக் காட்டும், தானாகவே குறிபார்த்துச் சுடும் நிரல்களைப் பாவிப்பவர் ஏமாற்றுக்காரர்தான். அவரைத் தடைசெய்யும் நிறுவனத்தின் பக்கமே நானும் நிற்கிறேன். பழைய போனில் படம் திக்காமல் ஓடுவதற்காகக் காட்சித் தரத்தைக் குறைப்பவரையும் அதே வரிசையில் நிறுத்தக்கூடாது என்பதே என் கோரிக்கை. அவர் யாருடைய வெற்றியையும் பறிக்கவில்லை. ஆட்டத்தில் நிற்க ஓர் இடம் மட்டும் கேட்கிறார்.

3. "திருத்திய மென்பொருளில் வைரஸ் இருக்கும்"

இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. செகண்ட் லைஃப் பாவனையாளர்களிடையே ஒருகாலத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த எமரால்ட் என்ற நுழைவு மென்பொருளை 2010 ஆகஸ்டில் அதன் குழுவினரே தவறான வேலைக்குப் பயன்படுத்தினார்கள். அதன் உள்நுழைவுப் பக்கத்தில் மறைத்துவைத்த இணைப்புகள், பாவனையாளர்களுக்கே தெரியாமல், விமர்சகர் ஒருவரின் தளத்தைத் திரும்பத் திரும்ப அழைத்து அதன்மீது சுமை ஏற்றின. லிண்டன் லாப் எமரால்டைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் அது நுழைவதையே தடுத்தது.

அந்த மோசடி அம்பலத்துக்கு வந்த பிறகு, எமரால்டிலிருந்து விலகியவர்கள் ஃபீனிக்ஸ் என்ற புதிய மென்பொருளைத் தொடங்கினார்கள். அதன் வழிவந்ததுதான் இன்றைய ஃபயர்ஸ்டோர்ம். மூல நிரல் திறந்திருந்ததால் பாவனையாளர்கள் ஒரு மோசமான குழுவிடம் சிக்கிக்கிடக்காமல் நல்ல குழுவிடம் மாற முடிந்தது. மூடிய மென்பொருளில் தவறு நடந்தால் மாறிப்போக இடமேது?

எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. டெலிகிராமில் யாரோ பகிரும், மூலம் தெரியாத மொட் ஏபிகே (அன்ட்ரோயிட் செயலி) கோப்புகள்தான் கடவுச்சொல்லையும் பணத்தையும் கொண்டுபோகின்றன. திருத்துவது கெட்டது என்று பொத்தாம்பொதுவாக அதட்டினால் பிள்ளை ஒளித்துச் செய்வான். மூல நிரல் வெளிப்படையாக இருக்கிறதா, யார் செய்தது, உத்தியோகபூர்வப் பட்டியலில் உண்டா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தால் ஏமாறமாட்டான்.

4. "நிறுவனம் தருவதே போதும், அதில் ஓடாவிட்டால் விளையாடாதே"

இந்த வாதம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. தலைமன்னார் வீதியில் மணலுக்கும் பனைக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு இணையம் என்றால் கைத்தொலைபேசிதான். ரீலோட் போட்டு வாங்கிய டேட்டா முடிந்தால் இணையமும் முடிந்தது. மடிக்கணினி இருக்கும் வீட்டிலும் அது வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டுக் கொடுத்ததாக இருக்கக்கூடும். பெரிய இணைய உலகங்களின் மென்பொருள்களோ வேகமான இணைப்பும் புதிய வரைகலை அட்டையும் உள்ள பாவனையாளரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன.

நிறுவனங்களே இதை உணர்ந்த நேரமும் உண்டு. குறைந்த திறன் கணினிகளுக்காகப் பப்ஜி லைட் என்ற இலவசப் பதிப்பு 2019இல் வந்தது. 2021 ஏப்ரல் 29ஆம் திகதி அதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்களின் பழைய கணினி அடுத்த நாள் புதிதாகிவிடவில்லை. எங்கள் தேவை நிறுவனத்தின் இலாபக் கணக்கில் இருக்கும்வரை மட்டுமே அது தரும் வழி திறந்திருக்கும். அது மூடும்போது பாவனையாளர் தாமே வழிசெய்யும் உரிமை இல்லையென்றால், எங்களைப் போன்ற ஊர்கள்தான் முதலில் வெளியே நிற்கும்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உள்நாட்டுப் போர் எங்கள் குடும்பங்களைத் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் பிரித்துப்போட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சந்தித்துக் கூடி விளையாடக்கூடிய இடங்களில் இந்த உலகங்களும் அடங்கும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்குத் திறக்கும் கதவு தோட்டவெளியில் இருப்பவனுக்கும் திறக்கவேண்டும்.

5. "திருத்தங்களால் நிறுவனங்கள் நட்டப்படும்"

எங்கள் பிள்ளைகள் விளையாடும் பப்ஜியே ஒரு திருத்தத்தின் வாரிசு. செக் நாட்டு நிறுவனம் ஒன்றின் ஆர்மா 2 விளையாட்டைத் திருத்திச் செய்த டேஇசட் என்ற மொட் 2012இல் வந்தது. அதை மேலும் திருத்தி, கடைசிவரை உயிரோடு நிற்பவரே வெல்லும் ஆட்டத்தை அமைத்தவர் பிரெண்டன் கிரீன். தென்கொரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. 2017இல் பப்ஜி பிறந்தது. கவுன்டர் ஸ்ட்ரைக்கும் 1999இல் இரண்டு இளைஞர்கள் ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்குச் செய்த மொட்தான். மறுவருடமே வால்வ் நிறுவனம் அதைத் தனதாக்கிக்கொண்டது.

கைவிட்ட உலகங்களின் கதையும் இதையே சொல்கிறது. பிளிசார்டின் வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் உலகத்தின் பழைய வடிவத்தை நொஸ்டால்ரியஸ் என்ற பெயரில் ஆர்வலர்கள் நடத்தினார்கள். பிளிசார்டின் சட்ட எச்சரிக்கைக்குப் பின் 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அந்தப் பழைய வடிவத்தை 2019 ஆகஸ்டில் பிளிசார்டே மீண்டும் திறந்து காசு சம்பாதித்தது. சிட்டி ஒஃப் ஹீரோஸ் உலகம் 2012 நவம்பர் 30இல் மூடப்பட்டது. அதை ஹோம்கமிங் என்ற பெயரில் நடத்திவந்த ரசிகர் குழுவுக்கு 2024 ஜனவரியில் என்சிசொஃப்ட் நிறுவனமே உரிமம் வழங்கியது. பாவனையாளரின் கைவேலை நிறுவனத்துக்குச் சந்தையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, மூடிய உலகத்தைக் காப்பாற்றியும் கொடுத்திருக்கிறது.

6. "படிப்பைக் கெடுக்கும்"

மணிக்கணக்கில் விளையாடினால் படிப்புக் கெடும். அதற்குப் பெற்றார் எல்லை போடத்தான் வேண்டும். ஆனால் திருத்துகிற பிள்ளை விளையாடுவதைவிட அதிகமாக வாசிக்கிறான். மைன்கிராஃப்ட்டுக்கு மொட் எழுதப் பெரும்பாலும் ஜாவா மொழி தெரியவேண்டும். பிழை எங்கே என்று தேடிப்பிடிக்கும் பொறுமை வேண்டும். முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை வாசித்து விளங்கவேண்டும். நாளைக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்று சம்பளம் கொடுத்துக் கேட்கும் திறமைகளே இவை. அந்த ஆர்வத்தோடு வரும் பிள்ளையைக் கள்ளன் என்று விரட்டினால் நட்டம் ஊருக்குத்தான்.

ஆசிரியர்களையும் பெற்றாரையும் கேட்டுக்கொள்வது இதுதான். மென்பொருளைத் திருத்திய பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யாரையாவது ஏமாற்றினாயா? யாருடைய உழைப்பையாவது களவெடுத்தாயா? கொடுக்கவேண்டிய காசைக் கொடுக்காமல் நுழைந்தாயா? மூன்றுக்கும் இல்லை என்றால் அவன் தவறு செய்யவில்லை. அவன் செய்ததை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நிறுவனங்கள் ஏமாற்றுவோரைத் தடுக்கட்டும். நுழைய வழி தேடுவோருக்கு மூல நிரலைத் திறந்து கொடுக்கட்டும்; உலகத்தை மூடும்போது அதைத் தொடர்ந்து நடத்த விரும்புவோரிடம் ஒப்படைக்கட்டும்.