அண்டை வீட்டுக் கிறிஸ்துமஸ்

டிசம்பர் மாதத்தில் தாய்லாந்தின் தலைநகரான பேங்காக்கிற்குச் செல்லும் பயணி ஒருவர் வியப்படையக்கூடும். அந்நாட்டு மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேற்பட்டோர் பௌத்தர்கள். டிசம்பர் 25 அங்குப் பொது விடுமுறையும் இல்லை. ஆயினும், பேரங்காடிகளின் முன்னே உயரமான கிறிஸ்துமஸ் மரங்கள் ஒளி வீசுகின்றன. வெயில் கொளுத்தும் ஊரில் பஞ்சினாலான பனி கொட்டிக் கிடக்கிறது. ஜப்பானிலும் ஏறக்குறைய இதே நிலைதான். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே வாழும் அந்நாட்டில், பொரித்த கோழியையும் ஸ்ட்ராபெரி வைத்த கேக்கையும் மக்கள் முன்கூட்டியே பதிவு செய்து வாங்குகின்றனர். காதலர்களும் நண்பர்களும் அன்றிரவு விருந்து உண்டு மகிழ்கின்றனர்.

இவற்றையெல்லாம் கண்டு திரும்பும் பயணி, தாம் கிறிஸ்துமஸ் பண்டிகையைக் கண்டதாகச் சொல்லலாமா? அவர் கண்டது விளக்குகளை, மனிதர்களை அன்று. அந்தப் பண்டிகையைத் தம்முடையதாகக் கொண்டாடும் ஒரு குடும்பத்தின் வாசலையும் அவர் மிதிக்கவில்லை. அதற்கு மாறாக, இலங்கைக்குச் செல்லும் பயணியின் அனுபவம் வேறாக அமையும். அதுவும் பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடே. கிறிஸ்தவர்கள் அங்கு ஏறத்தாழ ஏழு விழுக்காட்டினர் மட்டுமே. எனினும் கிறிஸ்துமஸ் அங்குப் பொது விடுமுறை. நீர்கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே பண்டிகைக்கு வீடு உண்டு. வீட்டில் வரவேற்கும் மனிதர்களும் உண்டு.

பண்டிகை என்பது பார்க்கும் காட்சியா, பகிரும் உறவா? இக்கேள்விக்கு விடை தேட வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் வரலாறே போதுமான சான்றுகளைத் தருகிறது.

மலேசியாவின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டு மக்களுள் 63.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 18.7 விழுக்காட்டினர் பௌத்தர்கள், 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், 6.1 விழுக்காட்டினர் இந்துக்கள். கிறிஸ்தவர்களுள் பெரும்பாலோர் சபா, சரவாக் மாநிலங்களில் வாழ்கின்றனர். எனவே, தீபகற்பத்தில் கிறிஸ்துமஸ் சிறுபான்மையினரின் பண்டிகையே ஆகும். ஆயினும், பேராக்கில் அதன் வேர் ஆழமானது. ஈப்போவில் 1895ஆம் ஆண்டு மெதடிஸ்ட் பாதிரியார் ஹோர்லி ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். 1907இல் கன்னியர் மடப் பள்ளியும் 1912இல் செயின்ட் மைக்கேல் பள்ளியும் தோன்றின. இப்பள்ளிகளில் பயின்றவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். 1903இல் சீனாவின் பூச்சௌ பகுதியிலிருந்து வந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் சித்தியவானில் குடியேறிப் பின்னர் ரப்பர் பயிரிட்டனர். இவர்களோடு தமிழ்க் கிறிஸ்தவர்களும் இம்மாநிலத்தில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுள் பலர் தோட்டங்களுக்கு உழைக்க வந்தவர்கள். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மாநிலத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. தமிழகத்திலிருந்து கப்பலேறிய தொழிலாளர்கள் தங்கள் தெய்வங்களையும் வழிபாட்டு முறைகளையும் உடன் கொண்டு வந்தனர். தோட்டத்திற்கொரு மாரியம்மன் கோயில் எழுந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த இடங்களில் சிறிய சிற்றாலயமும் எழுந்தது. பாதிரியார் என்றோ ஒரு நாள்தான் வருவார். மற்ற நாள்களில் செபமும் பாட்டும் அக்குடும்பங்களின் பொறுப்பு.

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு வீட்டில் அதிரசம் சுட்டால் பத்து வீடுகளுக்கு மணம் வீசும். அத்தகைய இடத்தில் ஒரு குடும்பத்தின் பண்டிகையை மற்றவர்கள் அறியாமல் இருக்கவே முடியாது. தீபாவளியன்று இந்து வீட்டுப் பலகாரம் கிறிஸ்தவ வீட்டுக்குச் சென்றது. கிறிஸ்துமஸ் அன்று அதே தட்டு முறுக்கும் கேக்கும் சுமந்து திரும்பி வந்தது. வாங்கிய தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

அந்தப் பலகாரத் தட்டின் மதிப்பை அறிய, அக்கால வருமானத்தையும் அறிய வேண்டும். மழை பெய்து மரத்தின் பட்டை நனைந்துவிட்டால் பால்மரம் சீவ முடியாது. வேலை இல்லாத நாளில் கூலியும் குறையும். ஆண்டிறுதி மழைக்காலம் தோட்டத் தொழிலாளருக்குக் கைமுடை மிகுந்த காலம். அதே மழைக்காலத்தில்தான் கிறிஸ்துமஸ் வந்தது. கூலி குறைந்த மாதத்திலும் பக்கத்து வீட்டுக்கென ஒரு பங்கு எடுத்து வைத்தார்கள் என்றால், அது வெறும் இனிப்புப் பண்டம் அன்று, உறவின் அடையாளம்.

டிசம்பரில் மற்றோர் ஒற்றுமையும் உண்டு. மார்கழி மாதம் பிறப்பதும் அப்போதுதான். விடியற்காலையில் கோயிலில் பசனை ஒலிக்கும். இரவில் கிறிஸ்தவ இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கிறிஸ்துமஸ் கீதம் பாடுவார்கள். வைக்கோல் பரப்பிய குடிலையும் அதில் கிடத்திய குழந்தை இயேசுவையும் காண எல்லா வீட்டுச் சிறுவர்களும் ஓடி வருவார்கள். யாரும் யாருடைய சமயத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால், ஒருவர் மகிழும் நாளில் மற்றவர் விலகி நிற்கவும் இல்லை.

இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. நாட்டின் விடுதலையையொட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். இதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தோட்டங்களுக்குப் பங்காளிகளாயினர். ஆயினும், பின்னர் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. தோட்ட மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங் முதலிய ஊர்களில் உள்ள தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர்.

இந்த மாற்றத்தால் வாழ்க்கை உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. வீடு சொந்தமாயிற்று; பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை சென்றனர். லயத்து வாழ்க்கையை வறுமையும் நெருக்கடியும் அற்ற பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். எனினும், வசதி வந்தபோது ஒன்று நழுவிப் போனதும் உண்மையே. இரும்புக் கதவும் கம்பி வலையும் பூட்டிய வீடுகளில், பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் பலர் வாழ்கின்றனர். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றுவிட, முதிய பெற்றோர் மட்டும் நட்சத்திர விளக்கை ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளும் உள்ளன. அதே வேளையில், ஈப்போவின் பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் மரத்தின் முன் படம் பிடித்துக்கொள்ளக் கூட்டம் அலைமோதுகிறது.

சொந்த ஊரிலேயே மலேசிய மாணவர் பேங்காக் பயணியைப் போல் ஆகிவிடும் ஆபத்து இங்கேதான் உள்ளது. அவர் மரத்தைப் பார்க்கிறார். ஆனால், அதன் பொருளைத் தம் வீட்டில் வைத்திருக்கும் வகுப்புத் தோழனைப் பார்ப்பதில்லை. பல்லின நாட்டில் வாழும் ஒருவர், அண்டை வீட்டுப் பண்டிகையை வணிக வளாகத்தின் வழியாக அன்றி, அந்த வீட்டின் வாசல் வழியாகவே அறிய வேண்டும்.

இக்கருத்துக்கு மறுப்புகளும் உண்டு. மற்றொரு சமயத்தின் பண்டிகைக்குச் சென்றால் சொந்தச் சமயப் பற்றுக் குறைந்துவிடும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தை எள்ளி நகையாடக்கூடாது. தம் சமயத்தை உயிராக மதிப்பவருக்கே இத்தகைய அச்சம் தோன்றும். ஆனால், விருந்தினர் வேறு, வழிபடுவோர் வேறு. வீட்டிற்குச் சென்று வாழ்த்துக் கூறுவதும் உணவு உண்பதும் மனித உறவு. வழிபாட்டில் கலந்துகொள்வது சமய நம்பிக்கை. இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்பதை ஒவ்வொருவரும் தம் நெறிக்கேற்ப முடிவு செய்யலாம். அந்தக் கோட்டை மதிப்பதும் நல்ல விருந்தோம்பலின் பகுதியே. பினாங்கு மாநிலம் புக்கிட் மெர்தாஜாமில் ஆண்டுதோறும் சூலை மாதம் நடைபெறும் புனித அன்னாள் திருவிழாவுக்குக் கிறிஸ்தவர் அல்லாதோரும் திரளாகச் செல்கின்றனர். அதனால் அவரவர் சமயம் அழிந்துவிடவில்லை.

கைப்பேசியில் ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினாலே போதாதா என்பது மற்றொரு கேள்வி. தொலைவில் இருப்பவருக்கு அது போதும். அதுவே சிறந்த வழியும் ஆகும். ஆனால், பத்தடி தூரத்தில் வாழ்பவருக்கு ஐம்பது பேருக்கு அனுப்பிய அதே படத்தை அனுப்புவது வாழ்த்து ஆகாது. அமைச்சர்களும் தலைவர்களும் நடத்தும் திறந்த இல்ல உபசரிப்பு நல்ல முன்மாதிரிதான். ஆயினும், ஆயிரம் பேர் வரிசையில் நின்று உண்ணும் கூடாரத்தில் யாரும் யாருடனும் அமர்ந்து பேசுவதில்லை. நான்கு பேர் அமரும் வரவேற்பறையில்தான் அது நிகழ்கிறது.

விருந்தினருக்கும் விருந்தளிப்பவருக்கும் கடமைகள் உண்டு. இந்து நண்பர் வருகிறார் என்றால் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பதும், சைவ உணவு உண்பவருக்குத் தனியே சமைப்பதும், முஸ்லிம் நண்பருக்கு ஹலால் உணவு ஏற்பாடு செய்வதும் விருந்தளிப்பவரின் கடமை. நேரமறிந்து செல்வதும், குடிலையும் திருவுருவங்களையும் விளையாட்டுப் பொருளாகக் கருதாமல் இருப்பதும், தெரியாததைப் பணிவுடன் கேட்பதும் விருந்தினரின் கடமை. தேவாலயத்திற்குச் செல்ல நேர்ந்தால் அமைதியாக அமர்ந்திருக்கலாம். திருப்பலியில் வழங்கப்படும் நற்கருணை அச்சமயத்தாருக்கு உரியது என்பதை அறிந்து விலகி இருப்பதே பண்பு. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய திருவள்ளுவரின் வழிவந்தோருக்கு இவை புதிய பாடங்கள் அல்ல.

இத்தகைய வருகை கிறிஸ்துமஸ் பண்டிகையோடு முடிந்துவிடாது. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் பௌத்தக் குகைக் கோயில்கள் அமைந்துள்ளன. அதே நகரில், தைப்பூசத்தன்று குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை ஆலயத்திற்குக் காவடிகள் செல்கின்றன. நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் ஆண்டுதோறும் வருகின்றன. கிறிஸ்துமஸ் நாளில் தோழனின் வீட்டிற்குச் சென்ற மாணவர், பொங்கலன்று அவனைத் தம் வீட்டிற்கு அழைக்கத் தயங்க மாட்டார். தட்டு ஒருமுறை வீடு மாறினால், திரும்பி வந்தே தீரும்.

தோட்டத்து லயங்கள் இனித் திரும்பி வரப்போவதில்லை, வரவும் வேண்டியதில்லை. அங்கு வாழ்ந்தோர் பொதுச்சுவரின் காரணமாகவே ஒருவரையொருவர் அறிந்தனர். தாமானில் வாழ்வோருக்கு அந்தச் சுவர் இல்லை. ஆதலால், அவர்கள் தாமே முன்வந்து அறிய வேண்டியுள்ளது. இவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள், தெருக்கோடியில் நட்சத்திர விளக்கு எரியும் வீட்டின் கதவைத் தட்ட ஒரு மாணவர் முன்வந்தால், பிள்ளைகளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் முதியவர்களுக்கு அதைவிடச் சிறந்த பரிசு வேறு எதுவாக இருக்க முடியும்?