கையொப்பம் போதுமா?

நிக்டி நண்பர்களே! பக்கத்துத் தளேகாவில் கார் செய்யச் சீனத்தின் கிரேட் வால் நிறுவனம் 2020இல் மராட்டிய அரசோடு ஒப்பந்தம் கண்டது. எல்லையிலே குருதி சிந்திற்று. தில்லியின் இசைவு கிட்டவில்லை. 2022இல் திட்டம் கலைந்தது. அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆலையை அரசு நிறுத்தலாம். ஊருக்கும் ஊருக்கும் உள்ள உறவையுமா ஆறப்போடுவது?

2015இல் சென்னையும் சோங்சிங்கும் உடன்பிறப்பு நகரங்களாயின. நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இலேயே சிவனை எழுந்தருளச் செய்து, தமிழில் கல்வெட்டும் பொறித்தனர் தமிழர். அவர்களை எந்த மாநகராட்சி அனுப்பிற்று? கடல் வாணிகமன்றோ அனுப்பிற்று!

சென்னை மாநகராட்சி கையொப்பத்தோடு நில்லாமல், ஆண்டுக்குப் பத்துச் சிறுவணிகரையும் பத்து மாணவரையும் சோங்சிங்குக்கு அனுப்பட்டும். மராட்டியத்தில் படிக்கும் நம்மையும் அந்தப் பத்தில் சேர்க்கட்டும். சீனமொழி கற்க நான் அணியமாயிருக்கிறேன், நீங்கள்?