வயர் எட்டும் தூரம்



சென்ற இதழில் படமெடுக்கும் என் ஆசையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இரண்டு சகோதரியர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் கேள்வி ஒன்றுதான்: “ஆசை சரி, நேரம் எங்கே?” இந்த மாதம் அந்தக் கேள்விக்கே பதில் எழுதலாமென்று நினைக்கிறேன். பதில் முழுமையாக என்னிடம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

என் அம்மா பாரிசவாதத்தில் விழுந்து மூன்று வருடமாகிறது. இடது கையும் காலும் இயங்காது. பேச்சும் நினைவும் நல்ல தெளிவு, கோபமும் குறையவில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க வேண்டுமானால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஆகவே என் வீட்டு மணிக்கூட்டில் பன்னிரண்டு இலக்கங்கள் இல்லை, ஆறுதான் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு மாமி வந்து அம்மாவுக்குத் துணையிருப்பார். நான் நெல்லியடிக்குச் சைக்கிளில் போய், ஒரு ஸ்ரூடியோவில் ஒரு மணி வரை வீடியோ எடிற்றிங் செய்துவிட்டு வருவேன். மிகுதி வேலை மடிக்கணினியில் வீட்டுக்கு வரும்.

கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் ஆகியவைதான் எங்கள் ‘படங்கள்’. வெளிநாட்டிலிருந்து வந்து பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு செய்பவர்கள் பல்லக்கு, குதிரை வண்டி, வானத்தில் பறக்கும் கமெரா என்று எல்லாம் வைத்து எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் மணிக்கணக்காகத் திரையில் பார்க்கிறேன். எந்த இடத்தில் களைத்துப்போகிறாள், எந்த இடத்தில் தாயைத் தேடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்த இடங்களைத்தான் வெட்டச் சொல்லிக் கேட்பார்கள். வெட்டிவிட்டுக் காசு வாங்குகிறேன். வெட்டியவை மனதில் கிடக்கின்றன. கமெராவுடன் வெளியே போகும் வேலை பொடியன்களுக்குத்தான். “இரவு பன்னிரண்டு மணிக்கு உங்களை ஆர் கொண்டுவந்து விடுறது?” என்று ஒரு தடவை கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குப் பதில் தேட ஒருவரும் முயலவில்லை.

மாதத்தில் ஒரு நாள் யாழ்ப்பாணம் போய்த் தியேட்டரில் படம் பார்ப்பேன். பஸ் காசு, ரிக்கற் காசு, இடைவேளைக் கடலை எல்லாம் சேர்த்தால் என் ஒரு நாள் சம்பளம் போய்விடும். வல்லை வெளியைத் தாண்டும்போது வீசுகிற உப்புக் காற்றிலேயே எனக்குப் படம் தொடங்கிவிடும். நான் போவது எப்போதும் காலைக் காட்சிக்கு. தனியே போகும் பெண்ணுக்கு அதுதான் தோது. ஒரு தியேட்டரில் வாசலில் நின்றவர் ரிக்கற்றைக் கிழிக்காமல், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். “தனியவோ?” என்றார். “ஓம், தனியத்தான்” என்றேன். இன்னொரு நாள் அரைவாசி இருக்கைகள் காலியாகக் கிடக்க, ஒருவர் வந்து எனக்குப் பக்கத்திலேயே அமர்ந்தார். எழுந்து இரண்டு வரிசை முன்னால் போய், குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மாவுக்கு அருகில் இருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையை எடுத்து இடம்விட்டார். சகோதரிகளே, தியேட்டரில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்யக்கூடிய பேருதவி அதுதான்.

எங்கள் படங்கள் இரண்டரை மணித்தியாலம் ஓடுபவை. போகவர இன்னும் இரண்டரை. அந்த நாட்களில் மாமி இரண்டு முறை அம்மாவைப் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும். மாமிக்கும் முழங்கால் வருத்தம். இடைவேளையில் எல்லோரும் கடலை வாங்கப் போக, நான் தொலைபேசியில் “மாத்திப் படுக்க வைச்சாச்சோ?” என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டும். இது எங்களுக்குள் எழுதாத சட்டம். “கடைசியிலை சேருகினமே?” என்பதுதான் அவருடைய முதற்கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவேன். சொல்லும்போது ஒரு விடயத்தைக் கவனித்தேன். சில இடங்களில் அம்மாவின் கண் யன்னல் பக்கம் போய்விடும். படத்திலும் அதே இடத்தில்தான் சனம் தொலைபேசியை எடுத்துப் பார்த்திருக்கும். எங்கே வெட்ட வேண்டும் என்பதை நான் கற்றது அந்தக் கட்டிலடியில்தான்.

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் ஐந்து நாள் குறும்படப் பயிற்சியொன்றுக்குத் தெரிவாகியிருந்தேன். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. மாமியிடம் ஐந்து நாள் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கனடாவிலிருக்கும் அண்ணா, “ஆளைப் பிடி, காசு அனுப்புறன்” என்றார். ஆளைத் தேடினேன், கிடைக்கவில்லை. வர இயலாது என்று எழுதி அனுப்பிய இரவு கிணற்றடியில் நின்று அழுதேன். அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் தோழி ஒருத்தி பென்ட்ரைவில் சில படங்கள் தந்தாள். அவற்றில் ஒன்று பிரான்சில் வாழ்ந்த அன்யேஸ் வார்தா என்ற அம்மையார் எடுத்த ஆவணப்படம். 1928 இல் பிறந்து 2019 இல் காலமானவர். புகைப்படக்காரியாக இருந்து 1955 இல் முதற்படத்தை எடுத்தவர். 1970களின் நடுப்பகுதியில் அவருக்குச் சின்னஞ்சிறு மகன். தூர இடங்களுக்குப் போய்ப் படமெடுக்க வழியில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டு மின்சார மீற்றரிலிருந்தே வயரை இழுத்தார். அந்த வயர் தெருவில் எவ்வளவு தூரம் எட்டுமோ, அவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் கடைகளையும் மனிதர்களையும் மட்டும் எடுப்பது என்று தீர்மானித்தார். பாண் சுடுபவர், இறைச்சிக்கடைக்காரர், தையற்காரர், வாசனைத் திரவியம் விற்கும் முதிய தம்பதியர் என்று அயலவர்களே அந்தப் படம். பாரிசில் டகேர் என்ற அந்தத் தெருவில்தான் அவர் வாழ்ந்துவந்தார்.

படத்தை நிறுத்திவிட்டு எங்கள் முற்றத்தைப் பார்த்தேன். என் வயர் இரண்டு மணித்தியால நீளம். சரி, அதற்குள் என்ன இருக்கிறது? கட்டில், யன்னல், கிணறு, உடுப்புக் கொடி, படலை, மாமி, அம்மா.

மறுநாளே கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் நின்றேன். மாமி அவருக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். நல்ல காலை வெளிச்சம். எடுத்தேன். அம்மா கண்டுவிட்டார்.

“உதென்ன செய்யிறாய்?”

“சும்மா, படம் எடுக்கிறன் அம்மா.”

“என்னை இந்தக் கோலத்திலை எடுக்காதை பிள்ளை. நான் எப்பிடி இருந்தனான் எண்டு உனக்குத் தெரியும். ஊருக்கு இதையே காட்டப் போறாய்?”

எனக்குச் சுருக்கென்றது. பல்லக்கில் களைத்துப்போன பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லையென்று நினைத்த நானே, என் தாயிடம் கேட்காமல் கமெராவைத் திருப்பியிருக்கிறேன். எடுத்ததை அவருடைய கண்முன்னாலேயே அழித்தேன். மூன்று நாள் தொலைபேசியை அந்த அறைக்குள் கொண்டுபோகவில்லை.

நாலாம் நாள் அம்மாவே கேட்டார்: “என்ன, படத்தை விட்டிட்டியோ?”

“நீங்கள் வேண்டாம் எண்டியள்.”

“முகத்தைத்தானே வேண்டாம் எண்டனான். கதைச்சால் என்ன, குரலுக்கு என்ன குறை?”

அப்படித்தான் தொடங்கியது. தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “நீங்கள் கடைசியாய்த் தியேட்டரிலை பார்த்த படத்தைச் சொல்லுங்கோ” என்றேன். அம்மா சொன்னார். நெல்லியடியில் அப்போது தியேட்டர் இருந்தது. சித்தியோடும் மச்சாள்மாரோடும் போனவர்களாம். கதை நன்றாகத்தான் போனது. ஆனால் எம்.ஜி.ஆர் தொடக்கிய படத்தைச் சிவாஜி முடித்துவைத்தார். மாமி விழுந்து விழுந்து சிரித்தார். “அக்கா, ரெண்டு படத்தை ஒண்டாக் கலக்கிறியள்” என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நான் முடிவைக் காணேல்லைப் பிள்ளை. கொண்ணைக்கு அப்ப ஆறு மாதம். இடைவேளை முடிய அழத் தொடங்கினான். ஆக்கள் ஏசுவினம் எண்டு தூக்கிக்கொண்டு வெளியிலை வந்திட்டன். கதவுக்கு அங்காலை நிண்டு சத்தத்தை மட்டும் கேட்டனான். அதுக்குப் பிறகு தியேட்டருக்குப் போகக் கிடைக்கேல்லை.”

தோழியரே, உங்களில் எத்தனை பேர் கதவுக்கு அங்கால் நின்று சத்தம் மட்டும் கேட்டிருப்பீர்கள்!

படம் ஆறு நிமிடம். அம்மாவின் முகம் ஓரிடத்திலும் இல்லை. குரல் கதை சொல்கிறது. திரையில் எங்கள் வளவு மட்டும். வாளி கிணற்றுக்குள் இறங்குகிறது, கொடியில் சேலை காய்கிறது, படலையடியில் மாமி செருப்பைக் கழற்றுகிறார். முயல விரும்பும் பிள்ளைகளுக்காக நான் பட்டறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். தொலைபேசியைக் கிடையாகப் பிடியுங்கள். காலை எட்டு மணிக்கு முந்திய சாய்ந்த வெளிச்சமே நல்லது. குரல் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பிறகு அந்த இரைச்சலைப் பிரிக்க முடியாது. பேச்செல்லாம் முடிந்தபின் ஒருவரும் பேசாமல் அறையின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டுகிற இடங்களில் அதுதான் கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் முன்னர், எடுக்கப்படுபவரிடம் கேளுங்கள். “வேண்டாம்” என்றால் அழித்துவிடுங்கள்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டதே, எடிற்றிங்கிலேயே காலம் போகிறதே என்று மனம் சோரும்போது நம் நாட்டுச் சுமித்ரா பீரிஸை நினைத்துக்கொள்வேன். இலண்டனில் திரைப்படத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1960 இல் ‘சந்தேசய’ படத்தில் உதவி நெறியாளர். 1963 இல் வந்த ‘கம்பெரலிய’வின் படத்தொகுப்பு அவருடையது. தன்னுடைய முதற்படமான ‘கெஹெணு லமய்’யை நெறிப்படுத்தியது 1978 இல். இடையிலே பதினைந்து வருடம்! ஒரு கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளின் கதை அது. புதுப்பிக்கப்பட்ட அந்தப் படம் 2025 இல் கான் திரைப்பட விழாவின் பழம்பெரும் படங்களுக்கான பிரிவில் காட்டப்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிருடன் இல்லை. 2023 இல் காலமாகிவிட்டார். ஆனாலும் வெட்டி ஒட்டும் மேசையிலிருந்து நெறியாளரின் கதிரைக்குப் போக வழியுண்டு என்று காட்டிவிட்டுத்தான் போனார்.

யாழ்ப்பாணத்தில் 2015 முதல் நடந்துவரும் சர்வதேச சினிமா விழாவுக்கும் ஒரு வருடம் அரை நாள் போய்வந்திருக்கிறேன். அதன் பணிப்பாளராக இருந்துவருபவரும் ஒரு பெண்தான், அனோமா ராஜகருணா. என் ஆறு நிமிடத்தை அங்கே அனுப்பத் துணிவு வருமோ தெரியாது. முதற்காட்சி எங்கள் வீட்டில் நடந்துவிட்டது. பார்வையாளர் இருவர், திரை மடிக்கணினி. படம் முடிந்ததும் அம்மா சொன்னார்: “கிணத்தடி நீளமாக் கிடக்கு. குறை.” அவர் சொன்னது சரி. பதினொரு செக்கன் குறைத்தேன்.

மாமிதான் கேட்டார், “அது சரி, அந்தப் படத்தின்ரை முடிவு என்ன?” என்று. எந்தப் படமென்று தெரிந்தாலல்லவா முடிவைக் கண்டுபிடிப்பது! அம்மாவுக்குப் பெயர் நினைவில்லை. ஒரு கப்பல், ஒரு கடிதம், மழையில் ஒரு சண்டை, இவ்வளவுதான் தடயம். ஆகவே இப்போது இரவு பத்து மணிக்கு அம்மாவைப் பக்கம் மாற்றியபின், பழைய படமொன்றை எடுத்து இடைவேளைக்குப் பிந்திய பகுதியை மட்டும் இருவரும் பார்க்கிறோம். இதுவரை ஒன்பது படங்களின் முடிவைப் பார்த்துவிட்டோம். “இதில்லை” என்கிறார் அம்மா. இன்றைக்குப் பத்தாவது.

எழுதிய சகோதரிகளே, நேரம் எங்கே என்று கேட்டீர்கள். என்னிடம் இருப்பது இரண்டு இரண்டு மணித்தியாலங்களாகத்தான் இருக்கிறது. உங்கள் வயர் எவ்வளவு நீளமென்று எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.