ஆயுளைச் சொல்லி விற்கட்டும்
அமெரிக்காவின் ஹியூமேன் நிறுவனம் 2024 ஏப்ரலில் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஏஐ பின்’ என்னும் சட்டையில் அணியும் கருவி, 2025 பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் முடங்கிப்போனது. அறிமுக விலை 699 டாலர். மாதச் சந்தா 24 டாலர். உள்ளங்கையில் அது பாய்ச்சிய எழுத்துகள் வெயிலில் மங்கின. கேள்விக்குப் பதில் வரத் தாமதமானது. கைப்பேசி நொடியில் முடிக்கும் வேலைக்கு இன்னொரு கருவி தேவைப்படவில்லை. புதுமை முயற்சிகள் வேண்டும், தோல்வி குற்றமல்ல. ஆனால், தன் சொத்துகளை 11.6 கோடி டாலருக்கு எச்பி-க்கு விற்ற நிறுவனம், வாங்கி 90 நாள்களைக் கடந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தராதது அநீதி. இதுபோல் சர்வரை நம்பி இயங்கும் கருவி எத்தனை ஆண்டுகள் இயங்கும் என்று விற்கும்போதே எழுத்துபூர்வமாக உறுதியளிக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும். இதைச் சட்டமாக்குவது அரசுகளின் கடமை.