ஒரே ஆசிரியருக்கு இரண்டு பயிற்சி!

மூன்றாம் வகுப்பு. பாடம் நடக்கிறது. கடைசி வரிசையில் ஒரு சிறுமி பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். "மக்கு" என்று பெயர் வாங்கிவிட்டாள். உண்மை வேறு. அவளுக்குக் காது மந்தம்!

உடற்குறை உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது, 2016-ம் ஆண்டுச் சட்டம். பள்ளிக்கூடத்தின் கதவு திறந்துவிட்டது. ஆனால், ஆசிரியர்?

இரு வேறு பாதைகள்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு கவனிக்கிறது. சிறப்பாசிரியர் பயிற்சியைக் கவனிப்பது இந்திய மறுவாழ்வுக் குழு. முன்னவருக்கு முழு வகுப்பையும் நடத்தத் தெரியும். பின்னவருக்குச் சைகை மொழியோ, பிரெயில் எழுத்தோ தெரியும். இரண்டும் தெரிந்தவர் மிகக் குறைவு.

தொடக்கப் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது கணக்கு. அதன்படி வேலையிடங்களை உண்டாக்குமாறு 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால், சின்னக் கிராமப் பள்ளியில் அப்படி ஒரே ஒரு பிள்ளை இருந்தால்? சிறப்பாசிரியர் வந்து போவார். மற்ற நாட்களில் வகுப்பு ஆசிரியரே கதி!

அதனால்தான், சாதாரண ஆசிரியரும் சிறப்புக் கல்வியைத் துணைப் பயிற்சியாகப் பெறலாம் என்றது 2020-ம் ஆண்டுக் கல்விக் கொள்கை. இரு குழுக்களின் பாடத்திட்டங்களும் இணைந்து போக வேண்டும் என்றும் அது கூறியது.

இதை நாலு நாள் வகுப்பில் முடித்துவிட முடியாது. சைகை மொழி பழகவே மாதக்கணக்காகும். சிறப்பாசிரியரும் வேண்டியவரே.

ஆனாலும், பயிற்சி பெற்ற வகுப்பு ஆசிரியர் முதல் நாளே ஒன்று செய்வார். அந்தச் சிறுமியை முன் வரிசைக்கு அழைப்பார். அவள் முகம் பார்த்துப் பேசுவார். சொன்னதைப் பலகையிலும் எழுதுவார்.

"மக்கு" என்ற பெயர் அன்றே மறையத் தொடங்கும்!