தாலி இழந்த பின்னர்தானா தகுதி?

எமது அரசியற் கூட்டங்களிலே நெடுநாளாக நிலவிவரும் வழக்கமொன்றுண்டு. தலைவருக்கு மாலை சூட்டியபின் அவர்தம் துணைவியாருக்கும் ஒரு மாலை சூட்டுவர். தலைவருக்கு உற்ற துணையாய் விளங்கும் அம்மையார் என்று செயலாளர் தமது நன்றியுரையில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்வார். சபையோர் கரகோஷம் செய்வர். அத்துடன் அந்த அம்மையாருக்குக் கட்சி செலுத்தவேண்டிய கடன் தீர்ந்துவிட்டது! வேட்பாளரைத் தெரிவுசெய்யும் சபை கூடும்போது அவருடைய பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. ஆனால், அவருடைய கணவர் துப்பாக்கிக்கு இரையாகட்டும். அந்தியேட்டிக் கிரியை முடியுமுன்னரே அதே சபையினர் நியமனப் பத்திரத்துடன் அவர் வீட்டு முற்றத்தில் வந்து நிற்பர்.

கணவர் உயிருடன் இருக்கும்வரை அவளது உழைப்பு குடும்பக் கடமை. அவர் மறைந்ததும் அவளது கண்ணீர் கட்சியின் மூலதனம். இந்த முறை நீதிக்கும் ஒவ்வாது. கட்சிக்கும் நன்மை தராது என்பதே எமது துணிபு. தலைவரின் மனைவி செய்யும் பொதுப்பணியை அவளுடைய சொந்தப் பணியாகவே மதித்தல் வேண்டும். அவ்வாறு மதிப்பதாயின், அதற்குரிய இடத்தையும் பொறுப்பையும் அவள் கணவர் வாழும் காலத்திலேயே வழங்குதல் வேண்டும்.

வெற்றிடமே வாசலாயிற்று

இலங்கையில் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது 1931 ஆம் ஆண்டில். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேளையில் அவ்வுரிமை கிடைத்தது. அப்பொழுது அமைந்த அரசாங்க சபையிலே முதன்முதலாக அமர்ந்த பெண் திருமதி அடலின் மொலமூறே. அவர் சபைக்குச் சென்றது தந்தையாரின் மரணத்தினால் நேர்ந்த இடைத்தேர்தல் மூலம். இரண்டாமவர் எமது இனத்தைச் சேர்ந்த திருமதி நேசம் சரவணமுத்து. அவருடைய கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பு வடக்குத் தொகுதியில் வெற்றிபெற்று, பின்னர் தேர்தல் மனுவொன்றின் தீர்ப்பினால் ஆசனத்தை இழந்தார். 1932 இல் நடந்த இடைத்தேர்தலில் மனைவியார் போட்டியிட்டு வென்றார்.

கணவர் இழந்த நாற்காலியை மனைவி காத்துவைத்திருந்தார் என்று இதனைக் கூறி முடித்துவிட இயலாது. 1936 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் அத்தொகுதி வாக்காளர் அவரையே தெரிவுசெய்தனர். 1941 இல் மறையும் வரை அவர் உறுப்பினராய் இருந்தார். கணவரோ கொழும்பு மாநகரசபைக்குச் சென்று, 1937 இல் அந்நகரின் முதலாவது மேயரானார். சபைக்குள்ளே செல்ல வாசலாய் அமைந்தது கணவரின் இழப்பு. உள்ளே நிலைபெறச் செய்தது அவரது சொந்த ஆற்றல். இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம்.

அடுத்து வந்த வாசல்கள் இரத்தம் தோய்ந்தவை. 1959 செப்தெம்பரில் பிரதம மந்திரி பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்தார். 1960 ஜூலையில் அவருடைய மனைவியார் சிறிமாவோ அம்மையார் செனற் சபை மூலம் பிரதம மந்திரியானார். உலகிலேயே அப்பதவியை வகித்த முதற் பெண்மணி என்ற பெயரும் பெற்றார்.

எம்மவரிடையே நிகழ்ந்தது இதனினும் கொடியது. 1989 ஜூலை 13 ஆம் திகதி மாலை கொழும்பிலே அமிர்தலிங்கம் அவர்களும் யோகேஸ்வரன் அவர்களும் ஒரே இடத்தில் சுட்டுக்கொல்லப்பட்டனர். யோகேஸ்வரனின் துணைவியார் சரோஜினி, 1998 இல் யாழ்ப்பாண மாநகரசபையின் மேயரானார். அப்பதவியை ஏற்ற முதற் பெண்மணி அவர். அவ்வாண்டு மே மாதம் 17 ஆம் திகதி அவரும் துப்பாக்கிக்கு இரையானார். கணவரைப் பலிகொண்ட பாதையிலேயே மனைவியையும் நடக்கவிட்ட நாம், அவர் பதவி வகித்த சில மாதங்களைப் பற்றி இன்று எத்தனை வார்த்தை பேசுகிறோம்?

2008 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, மகேஸ்வரன் அவர்கள் கொழும்பில் கோயிலிலே கொல்லப்பட்டார். 2010 இல் அவருடைய மனைவியார் விஜயகலா யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். விடுதலைப் புலிகளின் திருகோணமலை மாவட்ட அரசியற்றுறைப் பொறுப்பாளராய் இருந்த எழிலன், 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்தபின் காணாமற்போனார். அவருக்காக ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றம் ஏறிய மனைவியார் அனந்தி சசிதரன், 2013 இல் வடமாகாண சபைத் தேர்தலில் 87,870 விருப்பு வாக்குகள் பெற்றார்.

இவர்களில் எவரையும் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. அவர்களைப் பதவிக்கு அழைத்த ஒழுங்கையே நாம் குறைகூறுகின்றோம்.

ஒரே ஆண்டில் இரு மனைவியர்

1961 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகத்தை ஆரம்பித்தது. அடுப்படியை விட்டு அதுவரை வெளியே வாராதவர் என எண்ணப்பட்ட பெண்கள் திரள்திரளாக வந்து அமர்ந்தனர். அவர்களை அணிதிரட்டியவர்களுள் ஒருவர், வட்டுக்கோட்டைப் பாராளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கத்தின் இளம் மனைவி மங்கையர்க்கரசி. ஏப்ரில் மாதம் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அவரும் தடுத்துவைக்கப்பட்டார்.

அவ்வேளையில் அரசாங்கத்தின் தலைமையில் இருந்தவர் யார்? மறைந்த தலைவர் ஒருவரின் மனைவியாரே! ஒரு தலைவரின் மனைவி நாட்டை ஆண்டார். இன்னொரு தலைவரின் மனைவி அவ்வாட்சியின் தடுப்புக்காவலில் இருந்தார். முன்னவருக்கு அவர் கட்சி அளித்தது பிரதம மந்திரிப் பதவி. பின்னவருக்கு எமது கட்சி அளித்தது என்ன?

மேடைகளிலே அவர் பாடினார், பேசினார், பிற்காலத்தில் கூட்டணியின் மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். ஆனால், 1952 முதல் 1977 வரை நடந்த ஏழு பொதுத் தேர்தல்களிலும் தமிழரசுக் கட்சியின் சார்பிலோ, தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பிலோ ஒரு பெண்தானும் பாராளுமன்றம் சென்றதில்லை. 1977 இல் கூட்டணி வென்ற ஆசனங்கள் 18, பதினெண்மரும் ஆடவரே. அரசாங்கம் அந்த அம்மையாரை நாட்டின் அமைதிக்குச் சவாலான அரசியற் செயலாளி என்று மதித்துச் சிறைவைத்தது. அவரைச் சேர்ந்தவர்களோ அவரைத் தலைவரின் மனைவி என்றே மதித்தனர். எதிராளி கண்ட தகுதியை உறவினர் காணாத விந்தை இது! அவர் 2016 இல் இலண்டனில் காலமானபோது இரங்கற் செய்திகளுக்குக் குறைவிருக்கவில்லை.

இதற்கு மாறான வழி அந்நாளில் இல்லாமலில்லை. இடதுசாரிகள் 1952 இல் அக்குரசைத் தொகுதியிலிருந்து டொரீன் விக்கிரமசிங்க அம்மையாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். கம்யூனிஸ்ட் தலைவரான அவருடைய கணவர் அப்பொழுது உயிருடன் இருந்தார். 1956 இல் லெஸ்லி குணவர்த்தனா பாணந்துறையிலும், அவருடைய மனைவி விவியன் கொழும்பு வடக்கிலும் வென்று, கணவனும் மனைவியுமாய் ஒரே சபையில் அமர்ந்தனர். நேசம் அம்மையார் அரசாங்க சபையில் விளங்கச்செய்த தொகுதிப் பெயரும் அதுவே. இடதுசாரிகளிடம் எமக்குக் கொள்கை வேறுபாடுகள் பல உண்டு. இந்த விடயத்தில் அவர்கள் எம்மிலும் நேர்மையாக நடந்தனர் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்படுவதற்கில்லை.

சட்டம் காண்பதைக் கட்சி காணாததேன்?

தலைவரின் மனைவி செய்யும் பணி யாது? விடியற்காலையில் விறாந்தையில் வந்து காத்திருக்கும் தொகுதி மக்களுக்கு முதலில் முகங்கொடுப்பவள் அவள். எவருக்கு மாற்றல் வேண்டும், எவருடைய பிள்ளை காவலில் இருக்கிறான், எந்தக் கிராமத்தில் கிணறு தூர்ந்தது என்பதெல்லாம் தலைவருக்கு முன்பே அவளுக்குத் தெரியும். ஆண் தொண்டர் படலையடியில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்துத் திரும்பும் வீட்டில், அடுப்படி வரை சென்று வாக்குக் கேட்பவளும் அவளே. அரசியலுக்காகக் கணவர் வழக்குத் தொழிலைக் கைவிட்டால், அந்த வருமானக் குறைவைத் தாங்குவது அவளுடைய நகைகளும் சீதனமுமே.

அந்தச் சீதனத்தின் நிலையையும் சிறிது சிந்திப்போம். தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்து மனைவி, தனக்குரிய காணியைத்தானும் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது என்பது 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் அச்சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி வழங்கலாம். 1961 இல் கணவர் பனாகொடையில் இருக்க, ஊரிலே பிள்ளைகளுடன் குடும்பம் நடத்திய மனைவியர் இந்த விதியின் கீழ் வாழ்ந்தவர்களே. கொள்கைக்காகச் சிறை சென்றவரை வரலாறு எழுதிவைத்தது. உலை வைப்பதற்கு வழியறியாது தவித்தவளை எழுதிவைத்தவர் யார்? தந்தை செல்வாவின் பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அவருடைய துணைவியாரின் பெயர் எமிலி கிறேஸ் என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள்தாம் எத்தனை பேர்?

மறுபுறத்தில், தேர்தற் சட்டம் மனைவியின் அரசியற் பணியைக் காணாமல் விடுவதில்லை. சாதாரண ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் என்ற சொல்லுக்குள்ள பொருளிலும் தேர்தற் சட்டத்தில் அதன் பொருள் விரிவானது. வேட்பாளருக்காக, அவர் அறிய, வாக்குக் கேட்டு உழைக்கும் மனைவியை நீதிமன்றம் அவருடைய முகவர் எனக் கொள்ள இடமுண்டு. முகவர் இழைக்கும் ஊழலினால் வேட்பாளரின் வெற்றியே செல்லுபடியற்றதாகலாம். குற்றம் செய்தால் அவள் முகவர். நற்பணி செய்தால் வெறும் மனைவி! தண்டனைக்கு எண்ணப்படும் உழைப்பு, தகுதிக்கு மட்டும் எண்ணப்படாதிருப்பது எந்த நியாயத்தின்பாற்பட்டது?

குடும்ப ஆட்சியா?

தலைவரின் மனைவிக்கு இடம் கொடுப்பது குடும்ப ஆட்சிக்கு வழிகோலும் என்று சிலர் வாதிப்பர். இந்த ஆட்சேபம் அற்பமானதன்று. தெரிவுசெய்யப்படாத ஒருவர், தலைவரின் வீட்டில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தினால், நியமனங்களையும் வேட்பாளர் பட்டியல்களையும் ஆட்டிவைப்பாராயின், அது சனநாயகத்துக்குக் கேடே.

ஆனால், அக்கேடு எங்கிருந்து பிறக்கிறது? அதிகாரம் இருந்தும் பதவியும் பொறுப்பும் இல்லாத நிலையிலிருந்தன்றோ பிறக்கிறது? அவளைத் திரைமறைவிலேயே வைத்திருந்தால் அவளிடம் எவரும் கணக்குக் கேட்க இயலாது. பெயர் குறித்து, பொறுப்புக் கொடுத்து, செயற்குழுவில் அமர்த்தினால் அவளிடம் கேள்வி கேட்கலாம். அவளை எதிர்த்து வாக்களிக்கலாம். தேவையாயின் நீக்கவும் செய்யலாம். உழைக்காதவளுக்கு உறவின் பெயரால் ஆசனம் கொடுப்பதே குடும்ப ஆட்சி. உழைத்தவளுக்கு உழைப்பின் பெயரால் இடம் கொடுப்பது அதற்கு நேர்மாறானது. உண்மையில், விதவைக்கு மட்டும் ஆசனம் என்னும் இன்றைய வழக்கமே குடும்ப ஆட்சியின் மறுவடிவம். அங்கே எடைபோடப்படுவது இறந்தவரின் பெயர், இருப்பவரின் தகுதியன்று.

செய்யவேண்டுவன

முதலாவது, ஒவ்வொரு தமிழ்க் கட்சியும் தன் மகளிர் அணியின் நிருவாகிகளுக்கு வேட்பாளர் தெரிவுக் குழுவில் வாக்குரிமையுடன் கூடிய இடத்தை யாப்பிலேயே எழுதிவைக்கட்டும். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது வேண்டப்படுபவர்கள், பட்டியல் எழுதும்போதும் வேண்டப்படல் வேண்டும்.

இரண்டாவது, உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 வீதம் பெண்களுக்கென 2016 ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. 2018 ஆம் ஆண்டுத் தேர்தலில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கப்பட்ட இடங்களைக் கடைசி நேரத்தில் யாரேனும் ஒருவருடைய மனைவியின் பெயரை எழுதி நிரப்பும் எண்ணத்தைக் கட்சிகள் கைவிடட்டும். பெயரை இரவல் வாங்கி, தீர்மானத்தைக் கணவரிடம் கேட்பது பெண்ணுக்கும் அவமதிப்பு, சட்டத்துக்கும் அவமதிப்பு. எந்த வட்டாரத்தில் எவர் எத்தனை ஆண்டு என்ன பணி செய்தார் என்பதே அளவுகோலாகட்டும். அந்த அளவுகோலில் தலைவரின் மனைவி தேறினால் அவர் வரட்டும். தேறாவிடின் அவரிலும் உழைத்த மற்றொருத்தி வரட்டும்.

மூன்றாவது, 1961 இல் கச்சேரி வாசலில் அமர்ந்த பெண்களில் உயிருடன் இருப்போர் மிகச் சிலரே. அவர்களுடைய வாக்குமூலங்களைக் காலந்தாழ்த்தாது பதிவுசெய்தல் கட்சியின் கடமை. சாட்சி இறந்தபின் வழக்கு நடத்த முயல்வது பயனற்ற வேலை என்பதை நீதிமன்ற வாசல் மிதித்த எவரும் அறிவர்.

எமது இனம் தன் தலைவர்களின் மனைவியரிடம் நிறையவே பெற்றிருக்கின்றது. அவர்களின் நகையைப் பெற்றது, உறக்கத்தைப் பெற்றது, ஈற்றில் அவர்களின் தாலியையும் பெற்றது. இவ்வளவும் பெற்றபின் மாலை ஒன்றைச் சூட்டிக் கணக்கை முடித்துக்கொள்வது நன்றியாகாது. அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் எழுதக் கூடுவோர், உழைத்த பெண்களின் பெயர்களை முதலில் மேசைமேல் வைத்து, அதன் பின்னர் ஆடவர்களின் பெயர்களை ஆராயட்டும். அன்றைக்குத்தான் எமது கட்சிகள் தங்கள் கடனில் முதல் தவணையைச் செலுத்தியனவாகும்.