உள்ளுக்குப் போட்டால் சரியாகிடுமா?

ஐஸ், ஹெரோயின் பற்றி எங்கட ஊரில் கதை தொடங்கினால் முடிவு ஒண்டுதான்: "பிடிச்சுக் கொண்டுபோய் உள்ளுக்குப் போடோணும்." சனசமூக நிலையக் கூட்டத்திலும் இதுதான், முகநூலிலும் இதுதான். சொல்பவர்களின் பயம் நியாயமானது. அவர்கள் சொல்லும் வைத்தியம் பிழையானது.

'புனர்வாழ்வு' என்ற சொல்லை நாங்கள் முதலில் கேட்டது நோயாளிகளைப் பற்றி அல்ல. 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகளைப் பொறுப்பெடுத்த அதே பணியகம்தான் போதைக்கு அடிமையானவர்களுக்காகக் கந்தகாடு நிலையத்தையும் நடத்தியது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். சிகிச்சை நடக்கும் இடத்திலிருந்து இத்தனை பேர் ஏன் ஓடவேண்டும்? அதற்குப் பதில் தேடாமலே 2023 ஜனவரியில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் நிறைவேறியது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுங்கள் என்று ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012இலேயே சேர்ந்து கேட்டிருந்தன.

வேறு வழி இருக்கு. அதற்குப் பெயர் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கோ. அமெரிக்காவில் ஆகக் குறைந்த அளவே கிழமைக்கு 9 மணித்தியாலம். குழுவாகக் கதைப்பது, தனி உளவளத்துணை, மருந்து, குடும்பத்தாரோடு சந்திப்பு எல்லாம் அதற்குள் வரும். மனச்சோர்வு, பதகளிப்பு, போர் விட்டுப்போன நெருக்கீடு இருந்தால் அதற்கும் அங்கேயே சிகிச்சை. இரவு வீட்டுக்குப் போகலாம். படிப்பும் வேலையும் குழம்பாது.

"வீட்டில விட்டால் திரும்பப் பாவிப்பான்" என்பார்கள். உண்மைதான், பாவிக்கலாம். ஆனால் ஆசையைக் கிளப்புவது அந்தச் சந்தியும், பழைய கூட்டாளியும், சம்பளம் கிடைத்த பின்னேரமும். முள்ளுக்கம்பிக்குள் இவை எதுவும் இல்லை. அங்கே சமாளிக்கப் பழகவும் ஏலாது. அதைவிட ஆபத்து ஒண்டு இருக்கு. மாதக்கணக்கில் ஹெரோயின் இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உயிரே போகலாம்.

எல்லாருக்கும் இது போதாது என்பதும் தெரியும். குடியை நிறுத்தும்போது வலிப்பு வருபவருக்கும், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவருக்கும் வார்ட்டுதான் தேவை. ஆனால் வார்ட்டிலிருந்து வந்த பிறகு என்ன? மாதம் ஒருக்கா கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பதா? அந்த இடைவெளியில்தான் பெடியள் திரும்ப விழுகிறார்கள்.

ஆகவே ஆதார வைத்தியசாலைகளில் பின்னேர நேரச் சிகிச்சை வேண்டும். இதற்குக் காவல் கோபுரம் தேவையில்லை. ஒரு மண்டபமும், வைத்தியரும், தாதியரும், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களும் போதும். உளவியலும் சமூகவியலும் படித்த எங்கட பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் நிற்கிறார்கள். அவர்களைப் பயிற்றுங்கள்.

அடுத்தமுறை யாராவது "உள்ளுக்குப் போடுங்கோ" என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: வெளியில வந்த அடுத்த நாள் அவன் எங்க போறது?